தூசி நீக்கும் வசதி

பழைய ஸ்கேனர் ஒரு செவ்வாய்க்கிழமை நின்றுபோனது,
நூற்றுப் பதினாறாவது உறையில்.
விளக்கு எரிகிறது, தலை நகரவில்லை.
உள்ளே எங்கோ ஒரு பல்சக்கரம்
நின்ற இடத்திலேயே மென்றுகொண்டிருக்கிறது.
நாகர்கோவிலுக்குத் தூக்கிப்போனேன், மணிமேடைப் பக்கம்.
மூடியைக் கழற்றிய டேவிட்சன்
"உப்பு ஏறிட்டு, கேட்டியளா" என்றான்,
நானே கடலை மொண்டு ஊற்றியது போல.

குளச்சலில் கடை வைத்தவனுக்கு
வேறென்ன ஏறும்.

மிச்சம் முந்நூற்று நாற்பது உறை.
உறைக்கு ஆறு துண்டு, துண்டுக்கு ஆறு படம்.
எல்லாம் மீனவர் சங்கத்து எழுத்தர் மனுவேல் எடுத்தவை.
அவர் போட்டோகிராபர் இல்லை.
கடன் கேட்டவனை அவன் மரத்தோடு நிறுத்தி
கையில் சிலேட்டைக் கொடுத்து
ஒரு கிளிக். கோப்புக்குச் சான்று.
எழுபத்தெட்டு முதல் எண்பத்துநான்கு வரை
முழங்கால் தண்ணீரில் நின்று கடன் கேட்ட ஊர்.
சங்கம் எனக்குத் தந்த முன்பணம் நாற்பதாயிரம்,
அதில் பதினொன்று கடை வாடகையாகிவிட்டது.

புதிது ஒன்று பார்த்தேன், தட்டையாய், கண்ணாடி போட்டது.
பெட்டியில் ஒன்பதாயிரத்து அறுநூறு புள்ளி.
சோதித்தவர்கள் இரண்டாயிரத்து முந்நூறு தேறும் என்கிறார்கள்.
ஐஸோடு சேர்த்து நிறுத்த மீன்.

"கேமராதான் இருக்கே, ஒரு லென்ஸ் போதும்லா"
என்றாள் மைனி ஷோபா ஜாஸ்மின்.
சரியான பேச்சு. இரவல் லென்ஸ் வாங்கி,
அவள் அறுத்துத் தந்த பலகையில் கேமராவைக் கட்டிப் பார்த்தோம்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கிற மில்,
விடிகாலை நாலு முதல் இரவு பத்து வரை.
எடுத்த படத்தில் ஆளுக்கு இரண்டு மூக்கு.

குழித்துறையில் வில்பிரட் சார்,
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ரிட்டயர் ஆனவர்,
பிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர் வைத்திருந்தார்.
பதினெட்டு வருடப் பழசு.
அதன் ஒயர் இப்போதைய கணினி எதிலும் நுழையாது.
ஆகவே கணினியும் சேர்த்து இருபத்தாறாயிரம்.
மாட்டோடு கயிறு.

கொண்டுபோன துண்டை ஊட்டினார்.
"தூசி நீக்கும் வசதி இருக்கு, பாருங்க"
பெருமையாக ஒரு கட்டத்தில் டிக் போட்டார்.
ஸ்கேனர் இருமியது, நாலு நிமிடம்.
திரையில் மரம் இருந்தது. அலை இருந்தது.
சிலேட்டும் இருந்தது, அதில் எழுத்தில்லை.
நரைத்தலையில் பாதி வானத்தோடு குழைந்திருந்தது,
வேட்டி இருந்த இடத்தில் கஞ்சிப் படலம்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்:
"கலர் பிலிம்னா சரியா எடுக்கும்.
கறுப்பு வெள்ளையில உள்ளது வெள்ளியாக்கும்.
வெள்ளி எங்க கூடுதலோ
அங்க இதுக்குத் தூசி."

அதாவது, எங்கே வெயில் பட்டதோ அங்கே.

டிக்கை எடுத்தோம். எல்லாம் வந்தது:
சாக்பீஸில் த. அலங்காரம், 212,
ல கொஞ்சம் சாய்ந்து;
வேட்டியின் மடிப்பு, பூஞ்சைக் கொடி, ஒரு மயிர்,
ஓரத்தில் மனுவேலின் விரல்ரேகை.

இருபத்துநாலுக்குத் தந்தார்.
கருங்கல் வழி பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
கண்டக்டர் லக்கேஜ் கேட்டார், கொடுத்தேன்.

இனிக் கையால்தான் துடைக்க வேண்டும்,
ஒவ்வொரு புள்ளியாக.
மில் நின்ற பிறகு 212-இல் தொடங்கினேன்.
வானத்தில் பதினேழு வெள்ளைப் புள்ளி. போயின.
கடலில் ஒன்று, அலங்காரத்தின் தோளுக்கு மேலே.
துடைக்கப் போய்
எதற்கோ ஒருமுறை பெரிதாக்கினேன்.

பாய்.
அதற்குக் கீழே கறுப்பாய் ஒரு கீறல்,
கீறலில் நிற்பது ஒருவரோ இருவரோ.
சிலேட் இல்லை, எண் இல்லை.
கடன் வாங்காதவனாய் இருக்கும்.
அப்படியே விட்டுவிட்டு
213-ஐ ஊட்டினேன்.